எத்தனை பர்சன்ட் காப்பி இருக்கலாம்னு கேக்குறவங்களுக்கு

வெப்சைட்டுகளுக்கு புதுசா எழுத வர்ற தம்பி தங்கச்சிங்க என்கிட்ட அதிகமா கேக்குற கேள்வி இதுதான், "அக்கா, பிளேஜியரிசம் எத்தனை பர்சன்ட் வரைக்கும் இருந்தா ஓகே? பத்தா, பதினஞ்சா?" பிளேஜியரிசம்னா அடுத்தவங்க எழுத்த எடுத்து நம்ம எழுத்து மாதிரி போடுறது. கேக்குறவங்க மேல எனக்கு கோவம் கிடையாது, ஏன்னா வேலைல சேந்த அன்னைக்கே அவங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்துருக்காங்க, எழுதி முடிச்சதும் காப்பி இருக்கான்னு பாக்குற செக்கர் சாஃப்ட்வேர்ல போடு, பச்சை வந்தா அனுப்பு, சிவப்பு வந்துச்சுன்னா அந்த வரில நாலு வார்த்தைய மாத்திட்டு திரும்பப் போடு. இப்படியே கொஞ்ச நாள் எழுதுனா அடுத்தவங்க எழுத்த எடுக்குறதுக்கும் ஒரு பாஸ் மார்க் இருக்குன்னு மனசுல பதிஞ்சு போயிடுது. அந்த நம்பர் திருட்ட அளக்குறதே இல்லன்னு யாரும் சொல்றதில்ல. அதுக்குதான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த செக்கர் என்ன பண்ணுதுன்னு பாருங்க. உங்க கட்டுரைய, சேந்தாப்ல வர்ற சில வார்த்தைங்களா துண்டு துண்டா பிரிச்சு, அதே தொடர் நெட்ல வேற ஏதாவது பக்கத்துல கிடக்குதான்னு தேடிப் பாக்குது, அடிப்படைல வேலை அவ்வளவுதான். அதனால நீங்க ஒரு குறளை வள்ளுவர் பேரோட, குறள் எண்ணோட முறையா போட்டிருந்தாலும் சிவப்பு காட்டும். ஒரு சட்டப்பிரிவ அப்படியே எடுத்துப் போட்டாலும் சிவப்புதான். ஆனா ஒரு இங்கிலீஷ் கட்டுரைய முதல் வரில இருந்து கடைசி வரி வரைக்கும் தமிழ்ல மாத்தி உங்க பேர்ல போட்டீங்கன்னா பெரும்பாலும் ஜீரோன்னு வரும். தமிழ்ல இன்னொரு சிக்கலும் இருக்கு, நம்ம மொழில எல்லாமே சொல்லோட ஒட்டிக்கிட்டு வரும், கடலையை, கடலையோட, கடலைக்குன்னு உருபு மாறுனாலே மெஷினுக்கு அது வேற வார்த்தையா தெரியலாம், எழுத்துத் தமிழ்ல இருக்குறத பேச்சுத் தமிழ்ல மாத்துனா முழுசாவே வேற கட்டுரை மாதிரி ஆயிடும். ஸோ தமிழ்ல பச்சை வந்தா நீங்க நேர்மையா எழுதிருக்கீங்கன்னு அர்த்தம் இல்ல, அந்த மெஷின் கண்ணுக்கு எதுவும் படலன்னு மட்டும்தான் அர்த்தம்.

இப்ப நிஜமா எப்படி நடக்குதுன்னு காட்டுறேன். என்கிட்ட எடிட்டிங்குக்கு வர்ற கட்டுரைங்கள்ல நான் பாக்குறத வச்சுச் சொல்றேன், ஆனா அடுத்தவங்க வரிய இங்க எடுத்துப் போட விருப்பமில்ல, அதனால ரெண்டு பக்கத்தையும் நானே எழுதுறேன். தலைப்பு கோவில்பட்டி கடலைமிட்டாய். ஒரு சைட்ல ஒருத்தர் இப்படி எழுதிருக்கார்னு வச்சுக்குவோம்:

"கரிசல் காட்டு நிலக்கடலையும் தாமிரபரணித் தண்ணீரும் வெல்லப்பாகில் சந்தித்துக்கொள்ளும் ஊர் கோவில்பட்டி. இங்கே யாரும் ஆசைக்காக மட்டும் கடலைமிட்டாய் வாங்குவதில்லை. விருந்தாளி வந்தாலும், ஊருக்குக் கிளம்பினாலும், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாலும் வாங்குகிறார்கள்."

அதப் படிச்சுட்டு புதுசா எழுத வந்தவங்க அனுப்புறது இப்படி இருக்கும்:

"கரிசல் மண்ணில் விளையும் வேர்க்கடலையும் தாமிரபரணி நீரும் வெல்லப்பாகில் ஒன்றுசேரும் நகரம் கோவில்பட்டி. இங்கு மக்கள் ருசிக்காக மட்டும் கடலைமிட்டாய் வாங்குவது கிடையாது. உறவினர் வந்தாலும், வெளியூர் புறப்பட்டாலும், குடும்பத்தில் மனஸ்தாபம் என்றாலும் வாங்குவார்கள்."

செக்கர் இத தாராளமா விட்ரும். நிலக்கடலை வேர்க்கடலை ஆயிடுச்சு, ஊர் நகரம் ஆயிடுச்சு, சண்டை மனஸ்தாபம் ஆயிடுச்சு. ஆனா வாக்கியம் போற வழி ஒண்ணுதான், நிக்குற எடம் ஒண்ணுதான். இதுல எது எல்லாருக்கும் பொது, எது அந்த ஒருத்தரோடதுன்னு பிரிச்சுப் பாருங்க. கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணி, ஊர் தூத்துக்குடி மாவட்டத்துல இருக்கு, 2020 ஏப்ரல்ல புவிசார் குறியீடு (இந்தப் பொருள் இந்த ஊரோடதுன்னு குடுக்குற சட்டப்பூர்வ அங்கீகாரம்) கிடைச்சுது, இதெல்லாம் தகவல், யார் வேணா எழுதலாம், யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனா வீட்ல சண்டை போட்டுட்டு வர்றவர் கடலைமிட்டாய் வாங்குறத ஒருத்தர் அந்தக் கடை வாசல்ல நின்னு பாத்துருக்கார் பாருங்க, அது அவர் பாத்தது. மூணு சந்தர்ப்பத்த அந்த வரிசைல அடுக்குனது அவர். நீங்க மனஸ்தாபம்னு மாத்துனதால அந்த வாசல்ல நீங்க நின்னதா ஆகிடாது.

இதே மாதிரிதான் மொழிபெயர்ப்பும், சொல்லப்போனா தமிழ் கன்டென்ட் சைட்டுகள்ல இதுதான் பெரிய விஷயம், குறிப்பா ஹெல்த், டெக், பணம் சேமிக்குறது பத்தின கட்டுரைங்க. இங்கிலீஷ்ல இருக்குறத தமிழ்ல சொல்றது நல்ல வேலை, தேவையான வேலை, அத நான் குறை சொல்லல. ஆனா ஒரு கட்டுரைய முழுசா மொழிபெயர்க்கணும்னா எழுதுனவர்கிட்டயோ உரிமை வச்சிருக்கவங்ககிட்டயோ அனுமதி வாங்கணும், நம்ம ஊர்ப் பதிப்புரிமைச் சட்டம் (1957) மொழிபெயர்க்குற உரிமையவும் மூல ஆசிரியரோட உரிமைல ஒண்ணாதான் வச்சிருக்கு. ஏழு சப்-ஹெட்டிங், அதே ஏழு வரிசைல, அதே ரெண்டு உதாரணத்தோட தமிழ்ல வந்தா அது மொழிபெயர்ப்புதான், கீழ உங்க பேர் இருந்தாலும். எடிட்டருக்கு இது எப்படித் தெரியும்னு நினைக்காதீங்க, தெரியும். தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு மாச பட்ஜெட் சொல்ற கட்டுரைல காலேஜ் ஃபண்டும் அமெரிக்கக்காரங்க கொண்டாடுற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைச் செலவும் வரும், சக்கரை நோய் கட்டுரைல இட்லி, அரிசி பத்திப் பேச்சே இருக்காது, பூரா ஓட்ஸும் ப்ளூபெர்ரியுமா இருக்கும். படிக்குறவங்களுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது, பயப்படுறதுக்கு இல்ல, எது நம்மளால பண்ண முடியும்னு தெரியுறதுக்கு. ஐடியாக்கு காப்பிரைட் கிடையாது, அத சொன்ன விதத்துக்குதான். உச்ச நீதிமன்றம் 1978ல ஆர்.ஜி. ஆனந்த் வழக்குல இத தெளிவா சொல்லிருக்கு, ஒரு நாடக ஆசிரியர் தன்னோட நாடகத்த எடுத்து சினிமா பண்ணிட்டாங்கன்னு போட்ட கேஸ் அது, கரு ஒண்ணா இருக்கலாம், ஆனா ரெண்டையும் பாத்த ஒரு சாதாரண ஆளுக்கு இது அதோட காப்பிதான்னு சந்தேகமில்லாம தோணுதான்னு பாக்கணும்னு சொன்னாங்க, அந்தக் கேஸ்ல நாடக ஆசிரியர் ஜெயிக்கல. எனக்கு எந்த செக்கர விடவும் இந்தக் கேள்வி உதவியா இருக்கு. உங்க கட்டுரையையும் நீங்க படிச்ச கட்டுரையையும் வீட்ல யார்கிட்டயாவது குடுத்து படிக்கச் சொல்லுங்க, ரெண்டும் ஒண்ணுதானேன்னு கேட்டாங்கன்னா அத அனுப்பாதீங்க.

விமர்சனத்துக்கு, நடப்புச் செய்தி சொல்றதுக்கெல்லாம் அடுத்தவங்க எழுத்துல இருந்து கொஞ்சம் எடுத்துக்காட்ட பதிப்புரிமைச் சட்டத்தோட 52வது பிரிவு எடம் குடுக்குது, ஆனா பேர் சொல்லணும், அளவா எடுக்கணும். எழுத்தாளர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கும், இலங்கைல 70 வருஷம், அதனால அங்க இருக்குற சைட்டுக்கு எழுதுறவங்க அதையும் கவனிச்சுக்கங்க. தமிழ்நாட்டுல நாட்டுடைமை ஆன நூல்கள்னு பெரிய பட்டியலே இருக்கு, பாரதியார் எழுத்து 1949லயே ஆயிடுச்சு, அப்புறம் நிறைய பேரோடது, பலதும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல படிக்கக் கிடைக்குது. இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. நாட்டுடைமைன்னா யார் வேணா அச்சடிக்கலாம், நெட்ல போடலாம், காசு குடுக்க வேண்டியதில்ல. அதுக்காக புதுமைப்பித்தன் வரிய எடுத்து உங்க வரி மாதிரி கட்டுரைக்குள்ள கோத்துட முடியாது. சட்டப்படி யாரும் கேஸ் போட மாட்டாங்க, சரி, ஆனாலும் அது எழுத்துத் திருட்டுதான். காப்பிரைட் மீறுறது வேற, திருடுறது வேற, சில சமயம் ரெண்டும் சேந்து நடக்கும், சில சமயம் ஒண்ணுதான் நடக்கும்.

விக்கிப்பீடியாவும் அப்படித்தான், "அது ஃப்ரீதானேக்கா"ன்னு சொல்லுவாங்க. ஃப்ரீதான், ஆனா நிபந்தனையோட ஃப்ரீ, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், எங்க இருந்து எடுத்தீங்கன்னு சொல்லணும், எடுத்து மாத்துனதையும் அதே உரிமத்துலதான் வெளியிடணும். உங்களுக்கு காசு குடுக்குற சைட் அந்த ரெண்டாவது நிபந்தனைக்கு ஒத்துக்கப் போறதில்ல, அதனால விக்கிய தகவல் தேட ஆரம்பிக்குற எடமா மட்டும் வச்சுக்கங்க, கீழ அடிக்குறிப்புல என்ன நூல், என்ன செய்தின்னு இருக்கும்ல, அங்க போய் படிங்க.

அப்புறம் இந்த "நன்றி: இணையம்", "நன்றி: வாட்ஸ்அப்", "படித்ததில் பிடித்தது". தமிழ் இணையத்துல இது எவ்வளவு வருஷமா ஓடிட்டு இருக்குன்னு உங்களுக்கே தெரியும். இணையம்ங்குறது எழுதுனவர் பேர் இல்ல. உ.வே.சா. ஊர் ஊரா அலைஞ்சு ஏட்டுச்சுவடி தேடி அச்சுல கொண்டு வந்தப்போ எந்தச் சுவடி எந்த ஊர்ல யார் வீட்ல கிடைச்சுதுன்னு முன்னுரைல பேர் பேரா எழுதி வச்சார், பஸ்ஸும் போனும் இல்லாத காலத்துல. நமக்கு ஒரு லிங்க் போட ரெண்டு நிமிஷம் ஆகாது. பேர் தெரியலைன்னா அந்த வரிய ஒரு தடவ கூகுள்ல மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடுங்க, தேதி வாரியா பின்னாடி போங்க, பல நேரம் முதல்ல எழுதுனவங்க கிடைச்சுடுவாங்க. கிடைக்கலைன்னா அந்த வரி இல்லாமயே கட்டுரைய எழுதிடுங்க.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம்னா, எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, திருநெல்வேலிப் பக்கம், அவ தன்னோட பிளாக்ல குலதெய்வக் கோயில் கொடை பத்தி எழுதிருந்தா, அவ ஆச்சி சொன்ன கதை, ஆச்சி எந்தெந்த எடத்துல பேச்ச நிறுத்துவா, எந்தப் பேரச் சொல்றப்ப குரல் இறங்கும்னு எல்லாம் சேத்து எழுதிருந்தா. கொஞ்ச நாள்ல அது ஒரு பெரிய சைட்ல ஆன்மிகப் பகுதில வந்துருச்சு, வேற பேர்ல. வரி எல்லாம் மாத்திருந்தாங்க, ஆச்சி இருந்த எடத்துல எல்லாம் "முன்னோர்கள் கூறுகின்றனர்"னு போட்டிருந்தாங்க. அவ மெயில் அனுப்புனதுக்கு, இது பொதுவா எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானேன்னு பதில் வந்துச்சு. கதை பொதுதான், ஒத்துக்கிறேன். ஆச்சி பொது இல்லையே. அந்த அம்மா கிட்டத்தட்ட ஒரு ஊரோட ஞாபகத்த வச்சிருந்தவங்க, அவங்கள ஒரு வார்த்தைல அழிச்சுட்டாங்க, அழிச்சவங்களும் நம்மள மாதிரி ஒரு ஆர்ட்டிகிளுக்கு இவ்வளவுன்னு வாங்குற புது ஆளாதான் இருந்துருப்பாங்க, அவங்களுக்கு இது திருட்டுன்னே தோணிருக்காது. அதனாலதான் பர்சன்ட் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி இதச் சொல்லணும்னு தோணுது.

சரி, எப்படி எழுதுறது? நான் பாத்த வரைக்கும் புதுசா வர்றவங்கள்ல திருடணும்னு உக்காந்து திருடுறவங்க கம்மி. ஒரு பக்கம் அந்தக் கட்டுரை திறந்திருக்கும், இன்னொரு பக்கம் டாக்குமென்ட், கண்ணு அங்கயும் இங்கயும் போய்ட்டு வரும், சாயங்காலத்துக்குள்ள நாலு ஆர்ட்டிகிள் குடுக்கணும். அந்த உக்கார்ற விதத்த மாத்துனாலே பாதி பிரச்சனை போயிடும். படிக்குறப்ப படிங்க, குறைஞ்சது மூணு எடத்துல படிங்க, அதுல ஒண்ணாவது மூலமா இருக்கணும், இன்னொருத்தர் சுருக்கி எழுதுனதா இருக்கக் கூடாது. நோட்ஸ் உங்க பாஷைல எடுங்க, கடலை வியாபாரம் பத்தி உங்க அம்மாகிட்ட சொல்ற மாதிரி. யாரோட வரியாவது அப்படியே வேணும்னா நோட்ஸ் எடுக்கும்போதே மேற்கோள் குறி போட்டு பக்கத்துல லிங்க்க ஒட்டிருங்க, ஏன்னா ஒரு வாரம் கழிச்சு பாத்தா அது நீங்க எழுதுன வரி மாதிரியே தெரியும், நிறைய பேர் மாட்டிக்குறது இங்கதான். அப்புறம் எல்லா டேபையும் மூடிட்டு எழுதுங்க. எண்ணும் பேரும் மறந்துடும், பரவால்ல, அந்த எடத்துல கோடு போட்டுட்டு போங்க, கடைசில திறந்து நிரப்பிக்கலாம்.

முக்கியமா ஒவ்வொரு கட்டுரைலயும் வேற எந்த சைட்லயும் இல்லாத ஒரு விஷயமாவது நீங்களா தேடிக் கொண்டு வாங்க. கடலைமிட்டாய்க்கே வருவோம். புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னைலதான் இருக்கு, அவங்க வெப்சைட்ல விண்ணப்ப விவரமும் ஜர்னலும் எல்லாரும் பாக்குற மாதிரி போட்டிருக்காங்க, யார் விண்ணப்பிச்சாங்க, செய்முறைய எப்படி விவரிச்சிருக்காங்கன்னு நேரா படிக்கலாம், இருக்குற பத்து கட்டுரைய திரும்பத் திரும்ப படிக்குறத விட அது ஒண்ணு போதும். அதுக்கப்புறம் கோவில்பட்டில ஒரு கடைக்குப் போன் போடுங்க. அண்ணாச்சி, மழைக்காலத்துல பாகு பதம் மாறுமா, கடலைய வறுக்குறப்ப எத வச்சு போதும்னு முடிவு பண்ணுவீங்கன்னு கேளுங்க. வியாபார நேரம் இல்லாதப்ப கூப்ட்டா நல்லாவே பேசுவாங்க, தன் தொழிலப் பத்தி ஒருத்தர் அக்கறையா கேட்டா யாருக்குத்தான் பேசப் பிடிக்காது. அவர் சொன்னத அவர்கிட்ட கேட்டுட்டு அவர் கடை பேரோட போடுங்க. அந்த ஒரு பத்தி இருந்தா உங்க கட்டுரைய இன்னொருத்தரோடதுன்னு யாரும் சொல்ல முடியாது.

சாட்ஜிபிடி மாதிரி ஏஐ பத்தி கேப்பீங்க. சைட் என்ன விதி வச்சிருக்குன்னு முதல்ல கேளுங்க, சில எடத்துல அனுமதிக்குறாங்க, சில எடத்துல சுத்தமா கூடாது, மறைச்சு அனுப்புறது மட்டும் வேண்டாம். அது குடுக்குற மேற்கோளையும் புத்தகப் பேரையும் நேர்ல போய் பாக்காம எழுதவே எழுதாதீங்க, இல்லாத நூலுக்கு பக்க எண்ணோட பதில் சொல்லும். அதே மாதிரி ஏஐ டிடெக்டர், அதாவது இத மெஷின் எழுதுனதான்னு கண்டுபுடிக்குற சாஃப்ட்வேர், உங்க எழுத்த ஏஐ எழுதுனதுன்னு சொன்னா உடனே நொறுங்கிடவும் வேண்டாம், சாட்ஜிபிடிய உருவாக்குன ஓபன்ஏஐ கம்பெனியே தான் வெளியிட்ட டிடெக்டர சரியா கண்டுபுடிக்கலன்னு 2023ல நிறுத்திருச்சு. உங்க நோட்ஸ், டிராஃப்ட் ஹிஸ்டரி, போன்ல பேசுனத எழுதி வச்ச குறிப்பு, இதெல்லாம் அழிக்காம வைங்க, யாராவது சந்தேகப்பட்டா காட்ட அதுதான் இருக்கும்.

போட்டோவுக்கும் இதேதான், கூகுள் இமேஜஸ்ங்குறது தேடுற எடம், அது யாருக்கும் அனுமதி குடுக்குறதில்ல. விக்கிமீடியா காமன்ஸ்ல எடுத்தா எடுத்தவர் பேரும் உரிமமும் கீழ போடுங்க, இல்லைன்னா உங்க போன்லயே எடுங்க.

காசு விஷயத்துல ஒண்ணு. நீங்க ஒரு சைட்டுக்கு வித்த கட்டுரைய கொஞ்சம் மாத்தி இன்னொரு சைட்டுக்கு குடுக்குறது சரியாங்குறது நீங்க போட்ட ஒப்பந்தத்தப் பொறுத்தது, அதனால அத படிக்காம கையெழுத்து போடாதீங்க. உரிமைய எழுதிக் குடுத்துட்டீங்கன்னா அது உங்க எழுத்தா இருந்தாலும் திரும்ப விக்க முடியாது. எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலைன்னா அஞ்சு வருஷம்னு எடுத்துக்கணும்னு பதிப்புரிமைச் சட்டத்தோட 19வது பிரிவு சொல்லுது, இது நிறைய பேருக்குத் தெரியாது. உரிமைய வித்த பிறகும் இத எழுதுனது நான்தான்னு சொல்ற உரிமை 57வது பிரிவுப்படி உங்ககிட்டதான் இருக்கும், இதையும் தெரிஞ்சு வச்சுக்கங்க, உங்க எழுத்த வேற யாராவது சுட்டா உதவும். அப்புறம் ஒப்பந்தத்துல, காப்பிரைட் பிரச்சனை வந்தா முழுப் பொறுப்பும் எழுதுனவருக்குன்னு ஒரு வரி இருக்கும், அநேகமா எல்லா ஒப்பந்தத்துலயும் இருக்கும். அந்த வரி இருக்குற அதே சைட்ல இருந்துதான் ஒரு நாள் மெசேஜ் வரும், போட்டி சைட்டோட லிங்க் ஒண்ணு, கீழ "இத அப்படியே மாத்தி எழுதி ஆறு மணிக்குள்ள குடுங்க".

அப்படி வந்தா சண்டை போட வேண்டாம், பயந்துட்டு எழுதிக் குடுக்கவும் வேண்டாம். தலைப்ப எடுத்துக்கிறேன் சார், வேற சோர்ஸ் பாத்து நானா எழுதித் தர்றேன், நாளைக்கு மதியம் வரைக்கும் டைம் குடுங்கன்னு பதில் போடுங்க, போன்ல சொல்லாம மெசேஜாவே போடுங்க, பதிவு இருக்கும். அக்கறை இருக்குற எடிட்டர் ஒத்துக்குவார், பல பேர் ஒத்துக்கிட்டதப் பாத்துருக்கேன். முடியாதுன்னா அந்த ஒரு கட்டுரைய விடுங்க, திரும்பத் திரும்ப அதையே கேட்டா அந்த சைட்டையே விட்ருங்க, உங்க பேர்ல நெட்ல இருக்கப் போறது நீங்க எழுதுனதுதான், அடுத்த வேலை கேட்டுப் போறப்ப அதத்தான் எடுத்துப் பாப்பாங்க. இப்ப கைல இருக்குற டிராஃப்ட் எதுலயாவது சந்தேகமா இருந்தா எனக்கு அனுப்புங்க, நீங்க படிச்ச கட்டுரைங்களோட லிங்க்கையும் சேத்து அனுப்புங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு எந்தப் பத்திய திரும்ப எழுதணும்னு குறிச்சுத் தர்றேன்.